ஒற்றை வரி மேன்முறையீடு

என் சீலன் தம்பி,

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் வேலையிடத்தில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. மிச்ச வேலையை எப்படி முடித்தேன், எந்த ரயிலில் ஏறினேன் என்று நினைவில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். யாரிடம் சொல்ல?

அதனால்தான் எழுதுகிறேன். இங்கே வெளிவரும் ஒரு தமிழ்ச் சஞ்சிகைக்கு இதைக் கொடுக்கப்போகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து எழுதினால் கோபிக்காதே. உன்னை அறியாதவர்கள் வாசிப்பார்கள். அறிந்தும் அறியாதவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் வாசிப்பார்கள்.

பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் நீ பல வருடம் சமைத்தாய். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணிகூடப் போடத் தெரியாத பிள்ளை நீ. இங்கே வந்து எனக்கே சமையல் பழக்கினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்புக்குள் ரோஸ்மேரி இலையைப் போட்டுவிட்டு என்னிடம் பேச்சு வாங்குவாய். அத்தான் மோசம் போய் நான் விதவையான பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாய். நான் தனியே இருக்கிறேன் என்பதற்காக வந்தாய் என்று எனக்குத் தெரியும். நீயோ, உன் பழைய வீட்டில் எலி என்று பொய் சொன்னாய்.

எல்லாம் தொடங்கிய அந்த நாளில் நீ முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்டாய். அம்மாவின் முதலாவது ஆண்டுத் திவசம் வந்திருந்தது. முன்னமே சொல்லி வைத்த லீவுதான். ஆள் இல்லை, போகமுடியாது என்று அவர் எல்லோருக்கும் முன்னால் உன்னை ஏசினார். நீ ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாய். வீட்டுக்கு வந்து, இனி அங்கே போகமாட்டேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அதே நேரம் கடையின் குசினி எரிந்துகொண்டிருந்தது. மேல் மாடியில் குடியிருந்த வயதான பெண் ஒருவரைப் புகைக்குள்ளிருந்து தூக்கிவந்தார்கள். நல்ல காலம், அவர் பிழைத்துக்கொண்டார்.

பொழுதுபடமுன் பொலிஸ் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனது. உன் ஜெர்மன் குசினி ஜெர்மன். உப்பு, எண்ணெய், கெதியாய், மேசை நான்கு. விசாரணைக்கு அது போதாது. வழக்கமாக வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லை என்று, தமிழ்நாட்டுக்காரர் ஒருவரை அழைத்தார்கள். ஏதோ கம்பனியில் வேலை செய்பவர், கேட்டால் உதவிக்கு வருபவர். நீ அவரிடம் நடந்ததைச் சொன்னாய். எனக்கும் பிறகு எத்தனையோ தரம் அதே சொற்களில் சொல்லியிருக்கிறாய்.

"அவர் பேசினதிலை எனக்குக் கோவம் வந்திட்டுது. அடுப்பை நூத்துப்போட்டு வெளிக்கிட்டிட்டன்."

எங்களுக்கு நூத்தல் என்றால் அணைத்தல். விளக்கை நூர்ப்போம், லைற்றை நூர்ப்போம், அடுப்பை நூர்ப்போம். தமிழ்நாட்டில் இந்தச் சொல் இப்போது புழக்கத்தில் இல்லையாம். பொலிஸ் அறிக்கையில் ஜெர்மன் மொழியில் இப்படி ஏறியது: எனக்குக் கோபம் வந்தது, அடுப்பை மூட்டிவிட்டு வெளியேறினேன். அதைத் திருப்பி வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்து மட்டும் கேட்டார்கள். நீ போட்டாய்.

வழக்கில் உனக்கு அரசாங்கச் செலவில் ஒரு சட்டத்தரணியை நியமித்தார்கள். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எப்போது பார்த்தாலும் அவர் கையில் வேறு யாருடையவோ வழக்கு இருந்தது. நீ வாயே திறக்கக் கூடாது, அவர்களால் ஒன்றையும் நிரூபிக்க ஏலாது என்று உனக்குச் சொல்லி வைத்தார். தீ எப்படிப் பிடித்தது என்று நிபுணரால் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. புகையை இழுக்கும் பழைய விசிறியின் வயராகவும் இருக்கலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்ததாக அந்தப் பொலிஸ்காரர் சாட்சிக் கதிரையில் இருந்து, நீ சொன்னதாக எழுதியிருந்ததைச் சொன்னார். நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் அதை உன் காதுக்குள் தமிழில் சொன்னார்.

நான் பின்வரிசையில் இருந்தேன். நீ எழும்பியதைக் கண்டேன். "நூத்தனான்" என்று சொன்னாய். ஒரு சொல்தான். சட்டத்தரணி உன் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். நீதிபதி என்னவென்று கேட்க, ஒன்றுமில்லை என்று சட்டத்தரணியே பதில் சொன்னார். இடைவேளையில் நான் ஓடிப்போய், அந்தச் சொல் பிழையாக ஏறியிருக்கிறது என்று என் அரைகுறை ஜெர்மனில் விளங்கப்படுத்தினேன். இப்போது அதைக் கிளறினால் நீ பேசத் தொடங்கியதாகிவிடும், பிறகு எல்லாவற்றையும் கேட்பார்கள், தேவையென்றால் மேன்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் படித்தவர். நாங்கள் நம்பினோம்.

மூன்றரை வருடச் சிறை என்று தீர்த்தார்கள். ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு வேண்டுமென்று தீ வைத்ததாக. தீர்ப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நின்றது.

இந்த நாட்டில் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும். அதை அவர் செய்தார். எழுத்தில் தீர்ப்பு கைக்கு வந்த பிறகு, என்ன பிழை நடந்தது என்று காரணம் காட்ட ஒரு மாதம் தருகிறார்கள். அந்த மாதத்தில் நான் அவருடைய அலுவலகத்துக்கு எத்தனை தரம் போனேன் என்று உனக்குத் தெரியும். வேலை நடக்கிறது, பயப்படாதீர்கள் என்று அங்கிருந்த பெண் ஒவ்வொரு தரமும் சொல்லி அனுப்பினாள். மாதம் முடிகிற நேரத்தில் அவர் ஒரு வரி எழுதி அனுப்பினார். சட்டம் பிழையாகப் பிரயோகிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே ஒரு வரி. மொழிபெயர்ப்பு இல்லை, நூத்தல் இல்லை, நீ எழும்பி நின்றது இல்லை. மேல் நீதிமன்றமும் அதிக சொல் செலவழிக்கவில்லை. ஆதாரமற்றது என்று தள்ளிவிட்டது.

பிறகுதான் நகரத்துக்குள் இன்னொரு சட்டத்தரணியிடம் போனேன். உயரமான கட்டடம், யன்னலால் பார்த்தால் ஆற்றில் படகுகள் போவது தெரியும். அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார். சட்டத்தரணி அந்த ஒரு மாதத் தவணையை அடியோடு தவறவிட்டிருந்தால், அது அவருடைய பிழை, உன்னுடையதல்ல என்று காட்டலாம். உடனே ஒரு கிழமைக்குள் மனுக்கொடுத்தால் தவணையைத் திருப்பித் தருவார்கள். ஆனால் அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். ஒரு வரி இருந்தால் தவணை தவறவில்லை. தவறாத தவணையை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போவதென்றாலும் அதற்கும் ஒரு மாதம்தான், அதுவும் போய்விட்டது. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கை மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்கலாம், அது ஆயிரத்தில் ஒன்றுக்கு நடக்கிற காரியம், அந்த மொழிபெயர்ப்பாளர் வந்து தானே சொன்னாலொழிய ஒன்றும் நடவாது என்றார். பொலிஸ் அறிக்கையில் அவருடைய பெயரோ ஒருவராலும் வாசிக்க முடியாத கிறுக்கல். பொலிசில் கேட்டபோது கைவிரித்தார்கள்.

சிறையில் உன்னைப் பார்க்க வந்து இதையெல்லாம் சொன்னேன். நீ மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"காணும் அக்கா" என்றாய். "இனி என்னாலை ஏலாது. நீங்களும் விடுங்கோ."

நான் விட்டேன். உனக்காக விட்டேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு மனம் வருந்துவதாகச் சொன்னால் முன்னுக்கே விடக்கூடும் என்று உள்ளேயிருந்த அதிகாரி உனக்குச் சொல்லியிருக்கிறார். நீ மறுத்துவிட்டாய். செய்யாததுக்கு எப்படி வருந்துவது என்று என்னிடம் கேட்டாய். அதனால் கடைசி நாள்வரை உள்ளே இருந்தாய்.

வெளியே வந்தவன் வேறு ஆள். பார்சல் பிரிக்கும் இடத்தில் வேலை எடுத்தாய். அடுப்பு எரிந்தால் குசினிக்குள் காலெடுத்து வைக்கமாட்டாய். பாணும் சீஸும் தின்றே இரண்டு வருடம் இருந்தாய். முதல் தைப்பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனோம். பந்தியில் நாங்கள் இருந்த மேசையில் வேறு ஒருவரும் வந்து இருக்கவில்லை. வேண்டுமென்று செய்தார்களோ, தற்செயலோ, எனக்குத் தெரியாது. நீ சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, இனி நீங்கள் மட்டும் போங்கோ என்றாய். நானும் போவதை நிற்பாட்டினேன். எங்கள் வீட்டு ரெலிபோன் அடிப்பது குறைந்தது. பிறகு அடிக்கவேயில்லை.

ஒருநாள் உன் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கண் திறந்து பார்த்தாய். அடுத்த நாளே போய்விட்டாய். இங்கே சாம்பலை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், கடலில் கரைக்கத் தருவதும் பெரிய பாடு. மயானத்தின் வேலிக்கரையில் ஒரு சின்னக் குழிக்குள் வைத்தோம். வைத்தோம் என்று எழுதுகிறேன். நானும் மயானத்து ஊழியரும்தான்.

இனி நீ அறியாத பகுதி.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மறதி நோய் வந்த ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய மகள் லிண்ட்னர் ஒரு சட்டத்தரணி. ஒரு நாள் நான் தாய்க்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு உடன்பிறப்புகள் இருக்கிறார்களா என்று சும்மா கதைக்குத்தான் கேட்டார். ஒரு தம்பி இருந்தான் என்று தொடங்கினேன். அந்தக் கதை எப்படி என் வாயால் முழுவதும் வந்ததென்று தெரியாது. சூப் ஆறிவிட்டது. தாய் என் கையைத் தடவிக்கொண்டிருந்தார். மகள் கேட்டுவிட்டு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"வழக்கை மறுபடி திறக்க உங்கள் தம்பி உயிரோடு இருக்கவேண்டும் என்றில்லை. அவர் இறந்துவிட்டால் நீங்கள் கேட்கலாம். சகோதரி என்று சட்டத்திலேயே இருக்கிறது."

எவ்வளவு காலத்துக்குள் என்று கேட்டேன். அதுதான் எனக்கு முதலில் வந்த கேள்வி. எல்லாக் கதவிலும் மணிக்கூடு கட்டியிருந்த நாட்டில் வேறு என்ன கேட்பேன்?

"இதற்குத் தவணை கிடையாது" என்றார்.

தம்பி, உயிரோடு இருந்தவனுக்கு ஒரு கிழமையும் ஒரு மாதமும். செத்தவனுக்கு எல்லையில்லாத காலம். நான் கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

லிண்ட்னர் பழைய வழக்குக் கோவையைக் கேட்டெடுத்தார். பொலிசுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். கடைசியில் அந்த மொழிபெயர்ப்பாளரைக் கண்டுபிடித்தார். பெயர் செல்வகுமார். இப்போது எர்லாங்கனில் இருக்கிறார், பெரிய கம்பனியில் இஞ்சினியர். அவர் பதிலே எழுதமாட்டார், எழுதினாலும் நினைவில்லை என்றுதான் எழுதுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் உடனே வருகிறேன் என்று எழுதினார்.

ஒரு நீதிபதி முன்னால் அவருடைய வாக்குமூலத்தை எடுத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்த பல்கலைக்கழக ஆள் ஒருவரும் வந்து அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னார். செல்வகுமார் எழும்பி நின்று, மறைக்காமல் பேசினார். நீ சொன்ன அந்தச் சொல் தனக்கு அன்று புதிது. மூட்டிவிட்டு என்பதைத்தான் இலங்கைத் தமிழில் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். கேட்டு உறுதிப்படுத்தவில்லை. அதற்குப் பின் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிறந்தநாள் விழாவுக்குப் போயிருக்கிறார். கேக்கின் முன்னால் நின்ற பிள்ளையிடம் தாய், மெழுகுதிரியை ஊதி நூரடி என்று சொன்னாளாம். பிள்ளை ஊதியது. அப்போதுதான் தனக்கு விளங்கியது என்றார்.

நடைபாதையில் என்னிடம் வந்தார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. அவரே முதலில் வாய் திறந்தார்.

"மேடம், அப்பவே போலீஸுக்கு ஃபோன் பண்ணியிருக்கணும். அப்பீல் எல்லாம் முடிஞ்சிருக்கும், டைம் தாண்டியிருக்கும், இனிமே என்ன பண்றதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"எங்களுக்கும் அதைத்தான் சொன்னவை" என்றேன்.

"அவர் எப்படி இருக்கார்?"

அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நீ இல்லாததால்தான் மனுவை நான் கொடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். அவர் சுவரோரம் போட்டிருந்த வாங்கில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் உன் சாவுக்குப் பிறகு, உன்னைப்பற்றி என்னிடம் தமிழில் கேட்ட முதல் ஆள் அவர்தான். நீ என்ன சமைப்பாய் என்று கேட்டார். மீன்குழம்பைப் பற்றிச் சொன்னேன்.

நேற்று லிண்ட்னர் வேலையிடத்துக்கே வந்தார். தாயைப் பார்க்க வரும் நாள் அல்ல. நான் துணி மடிக்கும் அறையில் நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பழைய தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டார்கள். நீ குற்றமற்றவன். விடுதலை.

எப்போது நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டேன். உன்னைத் தண்டித்த அதே மண்டபத்தில், நீதிபதிகள் எழும்பி நின்று, மக்களின் பெயரால் என்று தொடங்கி வாசிப்பார்கள் என்று இவ்வளவு நாளும் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லையாம். இறந்தவருக்கு விசாரணை வைப்பதில்லை, எழுத்தில் முடித்துவிடுவார்கள். ஒருவரும் எழும்பி நிற்கமாட்டார்கள். கேட்பதற்கு ஒருவரும் வரத் தேவையில்லை.

லிண்ட்னர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அழுதார், எனக்கு அழுகை வரவில்லை. அவர் போன பிறகு மிச்சப் படுக்கை விரிப்புகளை மடித்து வைத்தேன்.

உன் பழைய சட்டத்தரணி ஓய்வு பெற்றுவிட்டார். இன்று காலை அவருக்கு ரெலிபோன் எடுத்தேன். ஏசுவதற்கல்ல. அந்த மாதத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று அறியவேண்டும் போல இருந்தது. உன் பெயரை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். நினைவில்லை என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு எனக்கு நல்ல நாள் அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தால் நீ இருந்திருப்பாயா? அந்த ஒரு வரியும் எழுதாமல் மறந்திருந்தால் இருந்திருப்பாயா? இதை யாரிடம் கேட்பது? சட்டத்தில் இதற்கு ஒரு இடமும் இல்லை என்று லிண்ட்னர் சொல்கிறார். விடுதலையான செய்தியை அரசாங்கத்தின் பத்திரிகையில் போடச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதாம். கேட்டிருக்கிறேன். அதை யார் வாசிப்பார்கள் என்று தெரியாது. இருந்தாலும் அச்சில் கிடக்கட்டும்.

இன்று மத்தியானம் மயானத்துக்கு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "பேர் போடாதேங்கோ அக்கா. ஆரும் பார்த்து என்னத்தையும் சொல்லுவினம்." உன் சொல்லைக் கேட்டேன். இவ்வளவு காலமும் உனக்குமேல் வெறும் புல்தான். பக்கத்தில் புதைக்கப்பட்டவருடைய மனைவி, இங்கே யார் என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். எனக்குச் சொந்தக்காரர் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

இன்று அங்கிருந்து நேரே கல் வெட்டுபவரிடம் போனேன். என்ன எழுத, ஏதாவது வாசகம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உன் முழுப்பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கீழே ஜெர்மன் எழுத்திலும். தமிழ் எழுத்தை அவர் இதுவரை வெட்டியதில்லையாம். பிழை வரக்கூடாது, பக்கத்தில் நின்று பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

நிற்பேன், தம்பி. ஒவ்வொரு எழுத்துக்கும் நிற்பேன். கல்லை வைத்த பிறகு அந்தப் பெண்ணைக் காண நேர்ந்தால், இது யார் என்று அவள் கேட்கமுன் நானே சொல்வேன்.

உன் கூடப்பிறந்த அக்கா,
வதனி